ரொட்டிக்காரர் மகன் வரைந்த வெளிச்சம்

ஓவியர் என்றதும் டாவின்சி, பிக்காசோ பெயர்கள்தான் நம் வாயில் வரும். நான் சொல்ல வந்தது ஜார்ஜ் தெ லா தூர் பற்றி. 1593-ல், இன்றைய பிரான்சின் லொரேன் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா ரொட்டி சுடுபவர். 1617-ல் வசதியான குடும்பத்துப் பெண்ணை மணந்து, 1620-ல் அவளுடைய ஊரான லூனேவில்லில் குடியேறினார்.

இருட்டு அறை, ஒரே ஒரு மெழுகுவர்த்தி, அதன் பக்கத்தில் மனிதர்கள். இதுதான் அவர் பாணி. சிவப்பு, காவி, பழுப்பு, கறுப்பு, வெள்ளை, ஏறக்குறைய இவ்வளவுதான் வர்ணம். தீயின் வெளிச்சத்தில் நீலம் ரொம்பக் குறைவு. நீலத்துணிகூட அங்கே கறுத்துத்தான் தெரியும். அப்புறம் நீலம் எதற்கு?

பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கும் அவருடைய தச்சர் சூசையப்பர் படத்தை நம் லைப்ரரி புத்தகத்தில் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து கட்டையில் துளை போடுகிறார். கீழே கொட்டாப்புளி, உளி, ஒரு சுருள் சீவல். எதிரே குழந்தை இயேசு மெழுகுவர்த்தி பிடிக்கிறார். சுடரை மறைத்த விரல்கள் வழியே வெளிச்சம் செக்கச்செவேலென்று கசிகிறது! தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு என்று ஃபிஸிக்ஸில் படித்தோமே, அது அப்படியே இருக்கு. குழந்தை முகம் ஜொலிக்கிறது, சூசையப்பர் முதுகு இருட்டோடு கரைகிறது.

என் அப்பாவும் தச்சர்தான். எங்க வீட்டில் முதலில் காலேஜ் வந்தவன் நான். படத்தைக் காட்டினேன். உடம்பு பாரம் கைக்கு இறங்குறது சரியா இருக்குன்னு சொன்னார். வேறெதுவும் சொல்லலை.

1638-ல் பிரெஞ்சுப் படை லூனேவில்லைக் கொளுத்தியது. அடுத்த வருஷமே லா தூர் அதே பிரெஞ்சு மன்னரின் ஓவியர்! 1646-ல் ஊர்க்காரர்கள் அவர்மேல் புகார் எழுதினார்கள். ஊருக்கே பிரபு மாதிரி நடந்துகொள்கிறார், அவருடைய வேட்டை நாய்கள் பயிரை நாசம் செய்கின்றன என்று. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை இப்படி மாறியது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் சூசையப்பரின் கையை அவ்வளவு மரியாதையோடு வரைந்ததும் இதே ஆள்தானே?

1652 ஜனவரியில் கொள்ளை நோய் வந்தது. முதலில் மனைவி, பதினைந்தே நாளில் இவர். பிறகு உலகம் அவரைச் சுத்தமாக மறந்தது. படங்கள் வேறு ஓவியர்கள் பெயரில் தொங்கின. 1915-ல் ஹெர்மன் ஃபோஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்தான், பிரான்சில் ரென், நான்ட் நகர மியூசியங்களில் இருந்த படங்களைக் கவனித்து, இவை லா தூர் கை என்று கண்டுபிடித்து எழுதினார்.