உலோகத்துக்கு உறவு கண்டவர்

திருத்தங்கல் பக்கம் செய்யப்படும் வாணவெடிகள் வானில் நீலமாகச் சிதறினால், அதற்குக் காரணம் தாமிர உப்பு. மயில்துத்தத்தில் இருப்பதும் தாமிரமே. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகும். ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் மறுபடியும் நீலம்! தாமிரம் மாறவில்லை. அதைச் சுற்றி நின்ற தண்ணீர்தான் போய் வந்தது.

தன்னைச் சுற்றி எவை, எந்த இடத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து உலோகத்தின் குணம் மாறும். இதை விளக்கியவர் ஆல்பிரட் வெர்னர்.

இரும்பாலைத் தொழிலாளியின் மகன்

1866 டிசம்பர் 12-ந்தேதி, அப்போது பிரான்சுக்குச் சொந்தமாக இருந்த மூல்ஹவுஸ் நகரில் வெர்னர் பிறந்தார். தந்தை இரும்பாலையில் வேலை பார்த்தவர். வெர்னர் சுவிட்சர்லாந்து சென்று, சூரிச் நகரில் படித்து, 1890-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நள்ளிரவில் விடை

1892-ல் ஒரு நாள். இரவு 2 மணிக்குத் திடீரென்று விழித்துக்கொண்டார். பல நாள் புதிருக்கு விடை தோன்றிவிட்டது. மாலை 5 மணி வரை எழுதிக்கொண்டே இருந்தாராம்.

நடுவில் உலோக அணு. சுற்றிலும், குறித்த இடங்களில், நான்கு அல்லது ஆறு துணைகள். இதுவே அவர் கொள்கை. 1893-ல் வெளியானபோது அவருக்கு வயது 26.

டென்மார்க் நாட்டு யோர்கன்சன் இதை எதிர்த்தார். அணுக்கள் சங்கிலிபோல் தொடர்கின்றன என்பது அவர் கட்சி. வெர்னர் சளைக்கவில்லை. மாணவர்களுடன் ஆய்வுக்கு மேல் ஆய்வு நடத்தினார். 1907-ல் யோர்கன்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1913-ல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உயிர் காத்த இடம்

பிளாட்டினச் சேர்மம் ஒன்றை இத்தாலியரான பெய்ரோனே 1845-ல் அறிவித்திருந்தார். அதே பொருள்களால் ஆன வேறொரு சேர்மமும் உண்டு. வேறுபாடு என்ன? ஒன்றில் இரண்டு குளோரின் அணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மற்றதில் எதிரெதிராக நிற்கின்றன என்றார் வெர்னர்.

1965-ல் அமெரிக்காவில் ரோசன்பர்க் குழுவினர், பிளாட்டினச் சேர்மங்கள் கிருமிகள் பெருகுவதைத் தடுப்பதைக் கண்டனர். அதிலிருந்து பிறந்தது ‘சிஸ்பிளாட்டின்’. அது பெய்ரோனேயின் சேர்மமேதான்! 1978-ல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. உயிரணுவுக்குள் குளோரின் விலகும். காலியான இரண்டு இடங்களாலும் பிளாட்டினம் டி.என்.ஏ. இழையைப் பற்றி வளைக்கும். உயிரணு பெருக முடியாமல் மடியும். விரைப் புற்றுநோய் கண்ட பலர் இதனால் பிழைத்தார்கள். குளோரின் எதிரெதிராக நின்றாலோ, அந்தப் பிடி கிடையாது, மருந்தும் ஆகாது.

தாமிரமும் தக்க துணை சேர்ந்தால் டி.என்.ஏ. இழையை வெட்டும். அத்தகைய சேர்மங்கள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் ஆராயப்பட்டுள்ளன.

இவை எதையும் வெர்னர் பார்க்கவில்லை. நோயுற்று, 1919 நவம்பர் 15-ந்தேதி, 52 வயதில் காலமானார். டி.என்.ஏ.யின் முறுக்கு வடிவம் தெரிய வந்ததே 1953-ல்தான். ஆனால், எந்த அணு எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர் சொன்னது, பின்னாளில் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிவிட்டது.