கைவிளக்கை இறக்கி வைத்த பிறகு

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை உங்களுக்குக் கைவிளக்கேந்திய காரிகையா தெரியும். 1854, கிரிமியப் போர். ஸ்கூல் பாடம் அதோட முடிஞ்சிடும். மீதியைக் கேளுங்க. போருக்குப் பிறகு உடம்பு முடியாமல், பல வருஷம் லண்டனில் அறைக்குள்ளேயே கிடந்தார். தினமும் ஒரே சுவரைப் பார்த்துக் கிடப்பதும் நோயாளிக்கு வலிதான் என்று 1859-ல் நர்ஸிங் பற்றிய புத்தகத்தில் எழுதினார். ஜன்னல் வழியா தெரியும் காட்சி, பூ, ஒரு செல்லப்பிராணி, இதெல்லாம் தேவை. வெறும் ஆறுதல் வார்த்தை உதவாது என்றார். 1860-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற 12 பேர் 1865-ல் லிவர்பூல் ஏழைகள் விடுதியின் மருத்துவமனைக்குப் போனார்கள். யாருமில்லாத முதியவர்களும் அங்கே கிடந்தார்கள். கடைசியில் பார்வையும் போய், 1910-ல் 90 வயதில் நைட்டிங்கேல் இறந்தார். உங்க பாட்டியோட கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்க. அதுக்கு நர்ஸிங் படிச்சிருக்கணும்னு இல்ல.