படி அளந்தவரே படியைக் குறைத்தார்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் கொஞ்சம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். மழை பொய்த்தால் பஞ்சம்தான்.

1876-ம் ஆண்டு மழை பொய்த்தது. அது தாது வருஷம். அந்தப் பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று கிழவர்களும் கிழவிகளும் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவந்தார்கள். இந்த ஊர்கள் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தன. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி பசியில் துடித்தது.

பசித்தவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல, கல்கத்தாவிலிருந்து ஒருவர் அனுப்பப்பட்டார். அவர்தான் சர் ரிச்சர்டு டெம்பிள்.

இருபது வயதில் உத்தியோகம்

டெம்பிள் 1826-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். வசதியான குடும்பம். கம்பெனி உத்தியோகத்துக்கு ஆட்களைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் படித்தார். இருபது வயதில் வங்காள சிவில் சர்வீசில் சேர்ந்தார்.

அவர் கடும் உழைப்பாளி. பஞ்சாபில் ஜான் லாரன்சின் கீழ் வேலை பழகினார். பிறகு மத்திய மாகாணங்களின் தலைமைக் கமிஷனர் ஆனார். ஐதராபாத்தில் ரெசிடெண்டாக இருந்தார். 1868-ல் வைசிராய் சபையின் நிதி மெம்பர் ஆனார். மேலிடத்தின் மனம் அறிந்து நடப்பவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது.

பீகாரில் படி அளந்தார்

1873-ல் பீகாரில் மழை தவறியது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1866-ல், ஒரிசாவில் பஞ்சம் வந்தபோது சர்க்கார் தாமதம் செய்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அந்தப் பழி மீண்டும் வரக்கூடாது என்று வைசிராய் நார்த்புரூக் பிரபு எண்ணினார். நிவாரணப் பொறுப்பை டெம்பிளிடம் ஒப்படைத்தார்.

டெம்பிள் சுற்றிச் சுழன்றார். பர்மாவிலிருந்து சுமார் 4½ இலட்சம் டன் அரிசி கப்பலில் வந்து இறங்கியது. வண்டி வண்டியாகக் கிராமங்களுக்குப் போயிற்று. வேலை செய்ய முடிந்தவர்களுக்கு வேலை. முடியாதவர்களுக்குச் சோறு. பட்டினியால் இறந்தவர்கள் மிக மிகக் குறைவு.

பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ வசவு! பஞ்சம் முடிந்தபோது சுமார் 1 இலட்சம் டன் அரிசி மிஞ்சியது. சர்க்கார் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று லண்டனிலும் கல்கத்தாவிலும் குறை சொன்னார்கள். அது டெம்பிளின் மனத்தில் தைத்தது.

சென்னையில் கையை மடக்கினார்

1877 ஜனவரி 1-ம் தேதி டில்லியில் கோலாகலமான தர்பார் நடந்தது. விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்டார். அதே மாதம் வைசிராய் லிட்டன் பிரபு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது லிட்டனின் எண்ணம்.

டெம்பிள் அதை நிறைவேற்றினார். பஞ்ச வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், வாங்கும் காசும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நிவாரணப் பட்டியலிலிருந்து ஏராளமானோர் நீக்கப்பட்டனர். இந்தக் கூலிக்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்தது.

அதே சர்க்காரில் சம்பளம் வாங்கிய இன்னொருவர் இதை எதிர்த்தார். அவர் சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். கடினமாக உழைக்கும் உடம்புக்கு இது போதாது, 1½ ராத்தல் தானியமும் கூடவே பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். எலும்பும் தோலுமாக விழுந்தவர்களை நேரில் பார்த்து, அந்த விவரங்களை எழுதி அனுப்பினார். சில மாதங்களில் சென்னை சர்க்கார் படியை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன.

பஞ்ச வேலைகளில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். சென்னையில் உள்ள பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்போது வெட்டப்பட்டதுதான். கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

கரிசல் சீமையிலிருந்தும் ஜனங்கள் வெளியேறினார்கள். பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தனர். தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் சேர்த்து 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பஞ்சத்தில் மாண்டனர்.

தண்டனை உண்டா?

டெம்பிள் மீது வழக்கு இல்லை. விசாரணை இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவது சர்க்காரின் கடமை என்று சொல்லும் சட்டமே அப்போது இல்லை. அதே 1877-ல் அவர் பம்பாய் கவர்னர் ஆனார். 1880-ல் இங்கிலாந்து திரும்பினார். பார்லிமெண்டு மெம்பராகவும் இருந்தார். புத்தகங்கள் எழுதினார். 1902-ல் காலமானார்.

ஆனால் அவர் விட்டுச்சென்ற கேள்வி சாகவில்லை. 1878-ல் பஞ்சக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1880-ல் அதன் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. பஞ்சத்தின் அறிகுறி தெரிந்தால் அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று அவை வரையறுத்தன.

சுதந்திர இந்தியாவில் சட்டம் மேலும் முன்னேறியது. 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஓர் ஏழையைக் கல்கத்தாவின் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பல, படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பின. உயிர் காக்கும் சிகிச்சையைத் தர மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பதாகும். பணம் இல்லை என்று சர்க்கார் சாக்குச் சொல்ல முடியாது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

2003-ல் தமிழ்நாட்டில் சர்க்கார் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குச் சட்டப்படியோ தார்மீக முறைப்படியோ அந்த உரிமை கிடையாது என்று அதே கோர்ட்டு சொன்னது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமோ, பேரிடர்க் கடமையைச் செய்ய மறுத்து, தக்க காரணமோ மேலதிகாரியின் எழுத்து அனுமதியோ இன்றி விலகும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்கிறது.

வேலைக்கு வராத சிப்பந்தியைப் பிடிப்பது சட்டத்துக்கு எளிது. வேலைக்கு வந்து, மேஜைமுன் உட்கார்ந்து, உத்தரவில் கையெழுத்துப் போட்டுச் சோற்றைக் குறைப்பவரைப் பிடிப்பது கடினம். டெம்பிள் வேலைக்கு வராத சிப்பந்தி அல்ல.

எத்தனை அரிசி கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பீகாரில் அவரே செய்து காட்டியிருந்தார். தெரிந்தும் சென்னையில் படியைக் குறைத்தார் என்பதுதான் சரித்திரம் அவர்மேல் வைத்திருக்கும் குற்றச்சாட்டு.