கந்தைக்கும் மதிப்புத் தேடித் தந்த கமலாதேவி

பெட்டியில் பழைய பட்டுச் சேலை கிடக்கிறது. மடிப்பில் இற்றுவிட்டது. உடுத்த முடியாது. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

அழகான கைப்பை தைக்கலாம்!

நெல்லைச் சீமையிலே பத்தமடை என்றால் பாய் நினைவுக்கு வரும். அங்கே கோரையில் பாய் மட்டும் அல்ல, கைப்பையும் செய்கிறார்கள். அந்தக் கோரைப் பைக்குப் பழைய பட்டில் உள்துணி கொடுத்து, சரிகைக் கரையை விளிம்பில் வைத்துத் தைத்தால் எவ்வளவு நேர்த்தியாக இருக்கும்!

இத்தகைய கைவேலைகளுக்கு நாட்டில் மதிப்பு உண்டாக்க ஓயாமல் உழைத்தவர் கமலாதேவி சட்டோபாத்தியாயா.

இளம் விதவை

கமலாதேவி 1903-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி மங்களூரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே தந்தை காலமானார். அவர் உயில் எழுதி வைக்கவில்லை. சொத்து முழுவதும் மூத்த தாரத்தின் மகனுக்குப் போய்விட்டது. மாதப்படி தருவதாகச் சொன்னார்கள். தாயார் கிரிஜாபாய் அதை ஏற்கவில்லை. தம்முடைய சீதனத்தைக் கொண்டே பெண்களை வளர்த்தார்.

கமலாதேவிக்குச் சிறு வயதிலேயே கலியாணம் நடந்தது. சீக்கிரமே விதவை ஆனார். விதவையை மூலையில் உட்கார வைக்கும் காலம் அது. ஆனால் அவர் மூலையில் உட்காரவில்லை. சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தார். சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத்தை மறுமணம் செய்துகொண்டார். ஊர் ஏசியது. அவர் கலங்கவில்லை.

1926-ம் ஆண்டு சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்டார். சொற்ப வாக்குகளில் தோற்றார். 1930-ல் பம்பாயில் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார்.

கைவேலைக்கு வந்த ஆபத்து

சுதந்திரம் வந்தது. ஆனால் கைத்தொழிலாளர் வாழ்வில் விடியல் இல்லை. ஆலைச் சாமான்கள் மலிவாகக் குவிந்தன. கைவேலைக்காரர் கண்ட கூலி வயிற்றுக்குப் போதவில்லை. பிள்ளைகள் தொழிலைப் பழகாமல் வேறு வேலை தேடினார்கள். ஒரு தலைமுறை பழகாவிட்டால் தொழிலே அழிந்துவிடும் அல்லவா?

1952-ல் அகில இந்தியக் கைத்தொழில் வாரியம் அமைந்தது. கமலாதேவி அதன் தலைவர் ஆனார். ஊர் ஊராகச் சென்று தொழிலாளர்களைக் கண்டார். பயிற்சி நிலையங்கள், கண்காட்சிகள், நகரங்களில் விற்பனைக்கு வழி என்று பல ஏற்பாடுகள் செய்தார்.

பூத்தையலைப் பற்றி நூலும் எழுதினார். வங்காளத்துப் பெண்களின் கந்தா வேலை நாடறிந்த பூத்தையல். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூப்போட்டுத் தைப்பார்கள். போர்வை, பணப்பை, சீப்பு உறை எல்லாம் அதில் உருவாகும். நாம் சொல்லும் கந்தை என்ற சொல்லுக்கு அந்தப் பெயர் உறவுதான்!

நீங்களும் தைக்கலாம்

பழைய பட்டில் பை தைப்பது சுலபம். சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இற்ற இடத்தைத் தள்ளி, உறுதியான பகுதியை மட்டும் வெட்டுங்கள். பின்னால் பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் தையல் ஓரத்தில் பட்டு கிழியும். பெரும்பாலும் முந்தானைச் சரிகை கெடாமல் இருக்கும். அது பையின் முகப்புக்கு ஆகும்.

1964-ல் இந்தியக் கைவினைக் கழகம் தோன்றவும் கமலாதேவி காரணமாக இருந்தார். 1966-ல் மகசேசே விருது பெற்றார். 1988-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி காலமானார்.

பத்தமடையில் இன்றும் பெண்கள் கோரையைக் கீறி, ஊற வைத்து, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். நயம் பாய் ஒன்றை முடிக்கப் பல நாள் ஆகும். அந்தப் பாயையோ பையையோ வாங்கும்போது, பேரம் பேசுவதற்கு முன் அதை நெய்த கைகளை ஒரு கணம் நினையுங்கள். கமலாதேவி வாழ்நாள் எல்லாம் கேட்டது அந்தக் கைகளுக்குரிய கூலியைத்தான்.