சிறுவர் உள்ளம் ஆய்ந்த வைத்தியர் சார்ள்ஸ் பிராட்லி

கல்விச்சாலைகள் தோன்றிய காலந்தொட்டு ஆசிரியர்க்குப் பெரும் புதிராய் இருந்துவரும் மாணாக்கர் ஒரு சாரார் உளர். அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். ஆயினும் இருந்த இடத்தில் இரார். எடுத்த பாடத்தை முடியார். வினா முடியுமுன்னரே விடை கூறுவர். கூறியபின் பிழையென உணர்ந்து வருந்துவர். இத்தகையோரைச் சோம்பேறிகளென்றும் குறும்பரென்றும் கருதிப் பிரம்பினாலே திருத்த முயன்றமை பல நாட்டுப் பள்ளிகளும் கண்ட வழக்கம். அவர்தம் நிலையை ஒழுக்கக்கேடாகக் கொள்ளாது, ஆராய்தற்குரியதோர் உடல் உள நிலையாகக் கொண்டு பொறுமையுடன் நோக்கிய அறிஞர் சிலருள் ஒருவர் அமெரிக்கராகிய சார்ள்ஸ் பிராட்லி. கற்றலும் கற்பித்தலுமே உயிராய் விளங்கும் கல்லூரியின் யூபிலி மலரிலே அன்னாரது சரிதம் இடம்பெறுதல் பொருத்தமாகுமென எண்ணி, அதனை ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றோம்.

பிராட்லியின் சரிதத்தை அவர் பிறப்பதற்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். றோட் ஐலண்ட் மாநிலத்தைச் சார்ந்த ஜோர்ஜ் லோத்ரொப் பிராட்லி என்னும் செல்வர், தொலைபேசி புதிதாய்த் தோன்றிய நாட்களில் அத்தொழிலில் முதலீடு செய்து பெரும்பொருள் ஈட்டியவர். அவருக்கு 1879ஆம் ஆண்டிலே எமா பெண்டில்ரன் பிராட்லி என்னும் ஒரே மகள் பிறந்தாள். ஏழாவது வயதில் அவளை மூளையழற்சி நோய் பற்றியது. உயிர் தப்பியபோதிலும் வலிப்பும், அவயவங்களின் தளர்ச்சியும், அறிவின் தேய்வும் அவளை விட்டகலவில்லை. பெற்றோர் தம் செல்வம் அனைத்தையும் கொண்டு தேடியும், அத்தகைய குழந்தைக்கென அமைந்த வைத்தியசாலை எங்கும் இருந்திலது. 1906ஆம் ஆண்டில் தந்தையும், அதற்கடுத்த ஆண்டில் மகளும் இவ்வுலக வாழ்வை நீத்தனர். தம் மகளுக்கு நேர்ந்த இன்னல் பிறர் குழந்தைகளுக்கேனும் ஆறுதலாய் மலர்தல் வேண்டுமென விரும்பிய அத்தந்தை, தம் ஆஸ்தியை அப்பணிக்கே உரித்தாக்கி மரணசாதனம் எழுதிவைத்தார். அதன் பயனாக 1931ஆம் ஆண்டிலே கிழக்குப் பிறொவிடென்ஸ் நகரில் எமாவின் பெயரால் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. சிறுவர்க்கென்றே அமெரிக்காவில் எழுந்த முதலாவது மனநல வைத்தியசாலை அதுவேயாம்.

அவ்வில்லத்தின் பொறுப்பை இளமையிலேயே ஏற்றவர் சார்ள்ஸ் பிராட்லி. இவருக்கு ஜோர்ஜ் பாட்டன் முறையினர். 1902ஆம் ஆண்டிலே பிறந்த இவர், கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே பயின்று, பின்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலே வைத்தியக் கல்வியை நிறைவேற்றினார். இவர் பிறந்த அதே ஆண்டில், இலண்டன் மாநகரில் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர், அறிவிற் குறையாதிருந்தும் தம்மை அடக்கியாள இயலாத சிறுவரைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஸ்டில் கேட்ட வினாவுக்கு விடை தேடும் பணி, அவ்வாண்டில் அமெரிக்காவிற் பிறந்த குழந்தைக்கு வாய்த்ததை எண்ணும்போது நாம் வியப்புறுகின்றோம்.

பிராட்லி பயின்ற துறை குழந்தை வைத்தியமே. சிறுவர் மனநல வைத்தியம் என்னும் துறை அக்காலத்திலே முளைவிடும் பருவத்தில் இருந்தது. ஆதலின், தாம் செய்யவேண்டிய தொழிலை இல்லத்துக் குழந்தைகளிடமிருந்தே அவர் கற்கலாயினர். 1917ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலே தோன்றி உலகெங்கும் பரவிய உறக்க மூளையழற்சியிலிருந்து பிழைத்த சிறுவர் பலர், அமைதியின்றி அலைவோராகவும் அடக்க இயலாதோராகவும் மாறியமை வைத்தியர் கண்ட உண்மை. மூளைக்கும் நடத்தைக்கும் தொடர்புண்டு என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. பிராட்லியும் அக்கருத்தைத் துணையாகக் கொண்டார். எனினும் மூளையை மாத்திரம் அவர் நோக்கினாரல்லர். இல்லத்திலே ஒரு பள்ளிக்கூடம் நடைபெற்றது. தாதியரும் ஆசிரியரும் குழந்தைகளை இரவும் பகலும் கண்காணித்து, உண்ணல், உறங்கல், ஆடல், கற்றல் யாவற்றையும் குறித்துவைத்தனர். சூழலே முதன்மையான மருந்து என்பது அவரது கொள்கை.

இனி, அவர் பெயர் நிலைபெறுதற்குக் காரணமான நிகழ்ச்சியைக் கூறுவாம். அந்நாளில் மூளையின் அமைப்பை எக்ஸ் கதிர்ப் படத்திற் காண்பதற்கு, மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்துள்ள நீரை வெளியேற்றி அவ்விடத்திலே காற்றைச் செலுத்துவர். அதன்பின் பொறுத்தற்கரிய தலைவலி உண்டாகும். இழந்த நீர் விரைவில் ஊறினால் வலி தணியுமெனக் கருதிய பிராட்லி, பென்செட்றின் என்னும் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். தலைவலி பெரிதும் தணிந்திலது. ஆனால் ஆசிரியர்கள் வேறொன்றைக் கண்டு கூறினர். மருந்துண்ட சிறுவர் சிலர் பாடத்திலே திடீரென ஊக்கங்கொண்டு, அமர்ந்த இடத்தில் அமர்ந்து, எடுத்த வேலையை முடிக்கலாயினர் என்பதே அது. தலைவலிக்குக் கொடுத்த மருந்து தலைவலியைத் தீர்க்கவில்லை என்று வேறொருவர் அதனை அத்துடன் கைவிட்டிருப்பர். பிராட்லியோ வகுப்பறையிலிருந்து வந்த சொல்லுக்குச் செவிசாய்த்தார்.

அதன்மேல் 5 வயது முதல் 14 வயது வரையுள்ள 30 குழந்தைகளை அவர் தெரிந்தெடுத்தார். அவருள் ஆண்பாலார் 21 பேர். பெண்பாலார் 9 பேர். முதலில் ஒரு வாரம் மருந்தின்றி நோக்கினார். அடுத்த வாரம் நாடோறும் காலையில் மருந்து கொடுத்தார். பின்னரும் ஒரு வாரம் மருந்தின்றி நோக்கினார். 14 பேர் பாடங்களில் வியத்தகு முன்னேற்றம் காட்டினர். அம்முன்னேற்றம் மருந்துண்ட முதல் நாளிலேயே தோன்றி, மருந்தை நிறுத்திய முதல் நாளிலேயே மறைந்தது. கணக்குச் செய்வது எளிதாயிற்றெனக் கண்ட பிள்ளைகள் அதனைக் கணக்கு மாத்திரை என்றே வழங்கினர். எல்லார்க்கும் ஒரே பயன் விளையவில்லை என்பதையும் பிராட்லி மறையாது எழுதினார். இவ்வாராய்ச்சி 1937ஆம் ஆண்டிலே அமெரிக்க மனநோய் வைத்தியச் சஞ்சிகையில் வெளிவந்தது.

ஊக்கமூட்டும் மருந்து ஓடியாடும் குழந்தையை அமைதிப்படுத்துதல் எங்ஙனம் என்னும் ஐயம் எவர்க்கும் எழும். மூளையின் உயர்நிலைப் பகுதிகளின் தொழில்களுள் அடக்குதலும் ஒன்று. அப்பகுதிகள் ஊக்கம்பெறின் தன்னை அடக்கியாளும் ஆற்றல் மிகும் என்பது பிராட்லி கருதிய விடை. டோபமைன், நோர் அட்றினலின் என்னும் இரசாயனப் பொருள்கள் மூளையின் முன்பகுதியிலே ஆற்றும் பணியைப் பற்றிப் பின்னாளில் அறியப்பட்டவை, அவ்விடை நெறிதவறியதன்று என்பதைக் காட்டுகின்றன.

இத்துணை அரிய செய்தியை வைத்திய உலகம் உடனே ஏற்றுக்கொண்டதோவெனின், இல்லை. சிறுவர் மனத்துயர்களுக்கெல்லாம் பெற்றோரின் வளர்ப்பே காரணமென்னும் உளப்பகுப்புக் கொள்கை அந்நாளில் மேலோங்கி நின்றது. ஏறக்குறைய 25 ஆண்டுகள் பிராட்லியின் கட்டுரை பெரிதும் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதுபற்றி அவர் மனந்தளரவில்லை. 1941ஆம் ஆண்டிலே சிறுவர்க்கு உண்டாகும் மனப்பிளவு நோய் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். 1948ஆம் ஆண்டில் இல்லத்தை நீங்கி, ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகருக்குச் சென்று, அங்குள்ள வைத்தியக் கல்லூரியிற் பணிபுரிந்தார். 1950ஆம் ஆண்டிலே, தாம் மருந்து கொடுத்து நோக்கிய 350க்கு மேற்பட்ட சிறுவரின் விபரங்களைத் தொகுத்து எழுதினார். இல்லத்தில் அவருக்குப் பின் பொறுப்பேற்ற மொறிஸ் லோபர், 1957ஆம் ஆண்டில் இரு தோழருடன் இந்நிலைக்கு மிகையியக்கக் கோளாறு எனப் பெயரிட்டார். அறுபதுகளிலே ஆராய்ச்சிகள் பெருகின; பிராட்லியின் பழைய கட்டுரையும் மீண்டும் வாசிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டிலே பிராட்லி காலமானார். அதற்கடுத்த ஆண்டில்தான் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலே அவதானக் குறைபாடு என்னும் பெயர் இடம்பெற்றது.

அவரது பணியிற் குறைகளே இல்லையென நாம் கூறவில்லை. முள்ளந்தண்டிலே ஊசியேற்றி நீரெடுக்கும் அப்பரிசோதனை குழந்தைகளுக்குப் பெருந்துன்பம் விளைத்தது. எழுபதுகளில் வந்த புதிய கணினிப் படக் கருவிகளின்பின் அது வழக்கொழிந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்புநோக்கும் முறையும் அவரது முதற் பரிசோதனையில் இடம்பெறவில்லை. அவர் பயன்படுத்திய மருந்தின் இனமோ, வைத்தியர் மேற்பார்வையின்றி வழங்கப்படின் பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மையது. இவற்றை நன்குணர்ந்தே அவரது பெருமையையும் உணர்தல் வேண்டும். குழந்தையின் மனத்தை வருத்தும் காரணங்கள் வீட்டிலும் சூழலிலும் இருப்பின் அவற்றை நீக்குதலே கடன். அக்கடனுக்கு மாத்திரை ஈடாகாது என்பதை அவரே முதற் கட்டுரையிலே வற்புறுத்தினார். பிற்காலத்தார் அவரது மருந்தை நினைவில் வைத்த அளவுக்கு இவ்வெச்சரிக்கையை வைத்திலர்.

இச்சரிதத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? ஆராய்ச்சியாளன் தான் தேடியது கிடையாதவிடத்தும், கிடைத்ததை இகழ்தலாகாது என்பது ஒன்று. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் கண், வைத்தியரின் கருவிக்கு எட்டாததையும் காணவல்லது என்பது மற்றொன்று. பின்வாங்கில் அமைதியின்றித் துடிக்கும் சிறுவன் அறிந்தே நம்மை வருத்துகின்றான் என்று துணியுமுன், அவனால் இயலாத ஒன்றை அவனிடம் கேட்கின்றோமோ என எண்ணிப்பார்த்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடனாகும். நோயுற்ற ஒரு சிறுமியின் பொருட்டுத் தந்தையொருவர் விட்டுச்சென்ற செல்வம், அவளைக் கண்டறியாத எண்ணிறந்த பிள்ளைகளுக்கு வழிதிறந்தது. இன்று மாணாக்கராய் உள்ளோரிலும் நாளை வைத்தியராகவும் ஆசிரியராகவும் வருவோர் பலர். அன்னோர் பிராட்லியின் பொறுமையையும் கூர்ந்த நோக்கையும் தமதாக்கிக்கொள்வாராக.