ஓவிய மன்னர் இரவிவர்மர்

வாணி விழாக் காலத்திலே நமது காரைதீவில் மாலை சூட்டி வழிபடப்பெறும் கலைமகள் படத்தைக் கண்டிராத சிறுவர் இலர். வெண்பட்டுடுத்து, வீணை ஏந்தி, மயில் அருகே நிற்க வீற்றிருக்கும் அத்திருவுருவமும், செந்தாமரைமேல் நிற்கும் திருமகளின் திருவுருவமும் இன்று நம் மனக்கண்ணிலே தோன்றும் கோலத்தைப் பெறுவதற்குப் பெரிதும் காரணராயிருந்தவர் திருவிதாங்கூர் நாட்டு ஓவியர் இராசா இரவிவர்மராவர். அன்னாரின் வரலாறு கலை பயில விரும்பும் இளைஞர் யாவரும் அறிதற்குரியது.

இரவிவர்மர் 1848ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 29ஆந் திகதி கிளிமானூர் அரண்மனையிலே பிறந்தார். அன்னையார் உமையம்பா தம்புராட்டி கவி பாடும் ஆற்றல் வாய்ந்தவர். மாமனார் இராசராசவர்மர் தஞ்சாவூர் முறையில் ஓவியந் தீட்ட வல்லவர். சிறுவர் இரவிவர்மர் அரண்மனைச் சுவர்களிலே கரித்துண்டு கொண்டு விலங்குகளையும் மனிதரையும் வரைந்து வந்தார். சுவர் பாழாயிற்றென்று பிறர் வருந்த, மாமனார் அதிலே மருமகனின் திறமையைக் கண்டார். தாமே முதலாசிரியராகிக் கற்பித்தார். பின்னர் 1862ஆம் ஆண்டில், பதினான்கு வயதினரான அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயிலியம் திருநாள் மகாராசாவின் ஆதரவில் விட்டார்.

அக்காலத்திலே எண்ணெய் வர்ணம் நம்மவர்க்குப் புதிது. நீர் வர்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணமோ மெல்ல உலர்வது. ஆதலின் ஒளியும் நிழலும் ஒன்றோடொன்று கலந்து செல்லவும், பட்டின் மினுக்கும் பொன்னின் ஒளியும் மேனியின் மென்மையும் உள்ளவாறே தோன்றவும் தீட்டலாம். இவ்வித்தையைத் திருவனந்தபுரத்தில் நன்கு அறிந்திருந்தவர் இராமசாமி நாயக்கர் என்னும் ஓவியர். அவர் இரவிவர்மருக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். அவரிடம் பயின்ற ஆறுமுகம்பிள்ளை என்பவர் இரகசியமாக வந்து சில நுட்பங்களை உணர்த்தினார் என்பர். 1868ஆம் ஆண்டில் தியடோர் யென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்க இசைந்திலர். தாம் தீட்டும்போது அருகிருந்து பார்க்க மாத்திரம் இடமளித்தார். பார்த்ததைத் தனியே இருந்து பன்முறை செய்து பார்த்தே இரவிவர்மர் அக்கலையைக் கைவசப்படுத்தினார். அவர் பெற்ற கல்வியிற் பெரும்பகுதி கண்ணாலே கற்றதாகும்.

1873ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில், கூந்தலுக்கு மலர் சூடும் நாயர் மங்கை ஓவியம் அவருக்குப் பொற்பதக்கம் ஈட்டித் தந்தது. அதே ஆண்டில் வியன்னா நகரத்திலும் அது பாராட்டுப் பெற்றது. சில ஆண்டுகளின் பின் அவர் தீட்டிய சகுந்தலை ஓவியத்தைச் சென்னை ஆளுநரே வாங்கினார். பரோடா மன்னர் பதினான்கு புராண ஓவியங்கள் வேண்டியபோது, இரவிவர்மர் தம் இளவல் இராசராசவர்மருடன் வடநாடெங்கும் யாத்திரை செய்து, மக்களின் உடையையும் அணியையும் முகச்சாயலையும் ஆராய்ந்த பின்னரே தூரிகை எடுத்தார். 1893ஆம் ஆண்டில் அவர்தம் பத்து ஓவியங்கள் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குச் சென்று பரிசு பெற்றன. சுவாமி விவேகானந்தர் சர்வசமய மகாசபையிலே முழங்கியதும் அவ்வாண்டிலே, அந்நகரிலேயாம்.

அரண்மனைச் சுவரை அலங்கரிக்கும் ஓவியத்தை ஏழை எவ்வாறு காண்பான்? 1894ஆம் ஆண்டிலே பம்பாயில் இரவிவர்மர் ஓர் அச்சகம் நிறுவினார். யேர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில் வல்லுநரும் வந்தனர். ஓவியத்திலுள்ள ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல்லிலே உருவைப் பதித்து, ஒரே தாளைக் கல்லுக்குக் கல் மாற்றி, இம்மியும் பிசகாமல் அச்சிடுதல் வேண்டும். இம்முறையால் தெய்வத் திருவுருவங்கள் சிறுவிலைக்கு வீடுதோறும் சென்றன. கோயில் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டிருந்த மக்களும் தம் குடிசையிலே இறைவன் திருமுன் விளக்கேற்றினர். திருவிதாங்கூரிலே கோயிற் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பெற்றது 1936ஆம் ஆண்டிலேதான். அவ்வாணையைப் பிறப்பித்த சித்திரைத் திருநாள் மகாராசா இரவிவர்மருடைய பேத்தியின் மைந்தர் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

அச்சகம் அவருக்குச் செல்வந் தரவில்லை. 1896ஆம் ஆண்டிலே பம்பாயிற் பரவிய கொள்ளைநோய் தொழிலைக் குலைத்தது. ஈற்றில் அதனை யேர்மனியர் ஒருவருக்கு விற்கவேண்டியதாயிற்று. 1905ஆம் ஆண்டிலே வலக்கை போன்ற தம்பியும் மறைந்தார். இரவிவர்மர் 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆந் திகதி கிளிமானூரிலே இறைவனடி சேர்ந்தார்.

அவர்தம் ஓவியங்களைக் குறைகூறினாரும் உளர். நமது நாட்டிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, அவை மேனாட்டு முறையைப் பின்பற்றியவை, தெய்வங்களை நாடக மாந்தர்போற் காட்டுபவை என்று கருதினார். அக்கருத்திலும் உண்மை உண்டு. நமது பழஞ்சிற்பத்தின் தியான அமைதியை அவ்வோவியங்களிற் காண்டல் அரிது. ஆயினும் கலையறிஞர் கருத்து யாதாயினும், அன்பர் உள்ளத்திலே அப்படங்கள் பெற்ற இடம் பெரிதேயாகும்.

இளைஞர்காள்! தமக்கு மறைக்கப்பட்ட வித்தையை அவர் முயன்று பெற்றார். பெற்றதன் பயனைத் தாம் மறைத்து வைத்திலர். நம்மூர் தந்த விபுலாநந்த அடிகளாரும் மறைந்துபோன யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டிலே யாழ்நூலாக உலகுக்கு அளித்தார். சித்திரமோ சங்கீதமோ சிற்பமோ, கைத்தொழில் யாதாயினும், கற்பிப்பார் இல்லையென்று சோர்ந்திருத்தல் தகாது. கண் திறந்து பார்த்துக் கற்பீராக. கற்றதை நாடி வருவார்க்குக் கதவடையாது வழங்குவீராக. அதுவே கலைமகளுக்கு நாம் செய்யும் மெய்யான பூசையாகும்.