வாயில்லா உயிர்களின் வழக்கறிஞர்

மனிதன் தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பிறரிடம் எடுத்துரைப்பான், ஊராரிடம் முறையிடுவான், அங்கும் நீதி கிடைக்காவிடில் நீதிமன்றத்தை நாடுவான். விலங்குகளுக்கோ இம்மூன்றும் இயலா. பாரம் இழுத்துக் கால் ஒடிந்த குதிரையும், வளர்த்தவரால் கைவிடப்பட்டுத் தெருவில் அலையும் நாயும் தம் குறையைச் சொல்ல வாயற்றவை. அவற்றிற்குத் தாமே வாயாகி நின்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிய பெருந்தகை ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜார்ஜ் ஏஞ்சல் ஆவார்.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்குப் பகுதியில் மாசச்சூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்துச் சௌத்பிரிட்ஜ் என்னும் ஊரில் 1823-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5-ஆம் நாள் ஏஞ்சல் பிறந்தார். இவருடைய தந்தையார் கிறித்தவ சமய போதகர். மகன் சிறு குழந்தையாய் இருந்தபோதே அவர் இயற்கை எய்தினார். தாயார் பள்ளி ஆசிரியையாகப் பணி புரிந்து மகனை வளர்த்தார். செல்வம் இல்லாக் குடும்பத்தில் பிறந்தும் ஏஞ்சல் கல்வியில் தளரவில்லை. டார்ட்மத் கல்லூரியில் பயின்று 1846-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாஸ்டன் நகரில் ஆசிரியராக அமர்ந்து, அவ்வூதியத்தைக் கொண்டே சட்டமும் கற்றார். 1851-ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய சாமுவேல் சீவால் என்னும் வழக்கறிஞருடன் கூடித் தொழில் நடத்தினார். தொழில் வளர்ந்தது, செல்வமும் சேர்ந்தது.

அக்காலத்தில் வண்டி இழுத்தலும் ஏர் உழுதலும் பாரம் சுமத்தலும் விலங்குகளின் வேலையாகவே இருந்தன. அவை படும் பாட்டைக் கண்டு ஏஞ்சலின் உள்ளம் உருகிற்று. 1864-ஆம் ஆண்டில் அவர் ஒரு விருப்ப ஆவணம் எழுதி வைத்தார். தம் காலத்திற்குப் பின் தம் செல்வத்தின் பெரும்பகுதி, உயிர்களிடத்து அன்பு செலுத்தும் நெறியைப் பள்ளிச் சிறுவர்க்குக் கற்பிக்கச் செலவாதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. தம் வாழ்நாளிலேயே அப்பணியைச் செய்யும் காலம் விரைவில் வருமென அவர் அப்போது எண்ணியிருக்கமாட்டார்.

1868-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் ஒரு பந்தயம் நடைபெற்றது. இரண்டு குதிரைகள், ஒவ்வொன்றும் இருவர் அமர்ந்த வண்டியை இழுத்துக்கொண்டு, பிரைட்டனிலிருந்து வூஸ்டர் வரை ஏறத்தாழ 40 மைல் தொலைவு கரடுமுரடான பாதையில் விரட்டப்பட்டன. இரு குதிரைகளும் மாண்டன. செய்தித்தாளில் இதனைப் படித்த ஏஞ்சல் பொறுக்கலாற்றாது, பாஸ்டன் நாளிதழ் ஒன்றிற்கு மடல் எழுதினார். இக்கொடுமையைத் தடுக்கத் தம் நேரத்தையும் பொருளையும் தர ஒருப்பட்டிருப்பதாகவும், தம்மோடு சேர விரும்புவோர் முன்வருமாறும் அதில் தெரிவித்தார். அம்மடலைக் கண்டு எமிலி ஆப்பிள்டன் என்னும் பெருமாட்டியார் அவரை நாடி வந்தார். வேறு பலரும் துணை நின்றனர். அடுத்த திங்களிலேயே மாசச்சூசெட்ஸ் விலங்கு வதைத் தடுப்புக் கழகம் தோன்றியது. ஏஞ்சல் அதன் தலைவரானார். இறுதிவரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

அவ்வாண்டு ஜூன் திங்களில் ‘நம் வாயில்லா உயிர்கள்’ என்னும் பொருள்பட ஓர் இதழைக் கழகம் தொடங்கியது. முதல் இதழில் 2,00,000 படிகள் அச்சாயின. பாஸ்டன் நகரக் காவலர்களே அவற்றை வீடுதோறும் கொண்டுசேர்த்தனர். குற்றவாளியைத் தேடிச் செல்லும் காவலர், குற்றம் நிகழாமல் தடுக்கும் நல்லுரையைச் சுமந்து சென்றது புதுமையன்றோ!

விலங்குகளை வதைப்போரைத் தண்டிக்கும் சட்டத்திற்காகவும் ஏஞ்சல் பாடுபட்டார். ஆயினும், சட்டம் கையைக் கட்டுமேயன்றி மனத்தைத் திருத்தாது என்பதை வழக்கறிஞராகிய அவர் நன்கு உணர்ந்திருந்தார். குதிரை மாண்டபின் வண்டிக்காரனுக்குத் தண்டம் விதித்தால் மாண்ட குதிரை மீளுமோ? மீளாது. ஆதலின், சாட்டையைக் கையில் எடுக்கும் முன்னரே உள்ளத்தில் இரக்கம் ஊன்றியிருத்தல் வேண்டும். முற்றிய மரத்தை வளைத்தல் அரிது. இளங்கன்றை வளைத்தல் எளிது. எனவே அவர் சிறுவர்களை நாடினார்.

இங்கிலாந்தில் காதரின் சுமிதீஸ் என்னும் மூதாட்டியார் 1875-ஆம் ஆண்டில் ‘கருணைக் குழு’ என்னும் சிறுவர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். தாமஸ் டிம்மின்ஸ் என்னும் ஆங்கிலேயச் சமயபோதகரின் துணையுடன் ஏஞ்சல் 1882-ஆம் ஆண்டில் அதனை அமெரிக்காவில் நிறுவினார். தீங்கு செய்யாத உயிர்கள் அனைத்திடமும் அன்பாய் இருப்பதாகவும், அவற்றைக் கொடுமையினின்று காக்க முயல்வதாகவும் சிறுவர்கள் உறுதி பூண்டனர். குழுக்கள் கூடும்போது பாடினர், கதை சொல்லினர், எவ்வுயிர்க்கு என்ன உதவி செய்தோம் என்று ஒருவருக்கொருவர் உரைத்து மகிழ்ந்தனர். பள்ளிதோறும் பரவிய இக்குழுக்கள் ஆயிரமாயிரமாய்ப் பெருகின.

மக்கள் துன்புறும்போது விலங்கிற்கு இரங்குதல் தகுமோ என்று வினவியவரும் உண்டு. விலங்கிற்கு இரங்கப் பழகிய சிறுவன் மனிதனுக்கும் இரங்குவான் என்பதே ஏஞ்சலின் உறுதியான கொள்கை. அக்கொள்கையைப் பரப்பவே 1889-ஆம் ஆண்டில் அமெரிக்க ஜீவகாருண்யக் கல்விக் கழகத்தை ஏற்படுத்தினார். அன்னா சூவெல் அம்மையார் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ என்னும் நூல், ஒரு குதிரை தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது. 1890-ஆம் ஆண்டில் அதனை அச்சிட்டு, இலட்சக்கணக்கான படிகளைக் குறைந்த விலையிலும் விலையின்றியும் நாடெங்கும் பரப்பினார்.

1909-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள், தமது 85-ஆம் அகவையில், ஏஞ்சல் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் கருநிறத் துயரச் சின்னம் அணிந்த குதிரைகள் பின்தொடர்ந்தன. யாருக்காக அவர் வாழ்ந்தாரோ அவர்களே வழியனுப்பியது பொருத்தமே.

அவர் நட்ட மரம் இன்றும் நிழல் தருகின்றது. 1915-ஆம் ஆண்டில் அவர் பெயரால் பாஸ்டனில் விலங்கு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1917-ஆம் ஆண்டில் மெத்துவன் என்னும் ஊரில் நெவின்ஸ் பண்ணை உழைத்து ஓய்ந்த குதிரைகளுக்குப் புகலிடமாயிற்று. கைவிடப்பட்ட நாய், பூனை முதலியன கழகத்தின் காப்பகங்களில் பேணப்படுகின்றன. அன்புடன் வளர்க்க முன்வரும் குடும்பத்தாரிடம் அவை ஒப்படைக்கப்படுகின்றன. விலங்குகளை நேசிக்கும் சிறுவர்க்கு நெவின்ஸ் பண்ணையில் பயிற்சி முகாம்களும் நடைபெறுகின்றன. அங்கு ஒரு சிறுவன் கைவிடப்பட்ட நாயைத் தன் இல்லத்திற்கு அழைத்துச் செல்லும்போது, ஓர் உயிருக்கு வீடு கிடைக்கின்றது. ஓர் உள்ளத்தில் அருளும் குடிபுகுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதற்காகவே ஜார்ஜ் ஏஞ்சல் தம் பொருளையும் வாழ்நாளையும் ஈந்தார்.